வில்லுக்கேற்ற நாண்

சென்ற பெருநாள் விடுமுறையில் என் தங்கையின் மகன் உடைந்த வில்லொன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். அவனுடைய வாப்பா கட்டாரில் தொழில் செய்கிறார். துருக்கிக்குச் சுற்றுலா போன ஒரு நண்பர் மூலமாக மகனுக்கென்று வாங்கி அனுப்பிய வில் அது. துருக்கித் தொலைக்காட்சித் தொடர்கள் நம் வீடுகளுக்குள் வந்த நாள் முதல் வில்லும் அம்பும் கேட்காத பிள்ளைகள் குறைவுதானே. மரமும் கண்ணாடி நாரும் சேர்த்து ஒட்டி, பழைய உதுமானிய வில்லின் சாயலில் செய்திருந்தார்கள்.

ஒரு வருடம் நன்றாகவே எய்தான். பிறகு நாண் நடுவில் நைந்து பஞ்சு பஞ்சாக எழும்பியது. ஒரு நாள் இரண்டு இழைகள் அறுந்தன. வீட்டில் மீன்பிடிக்கும் தங்கூசிச் சுருள் ஒன்று இருந்தது. தடித்த தங்கூசி, பெரிய மீனையே தாங்கக்கூடியது. அதை நான்காக மடித்து, முறுக்கி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு வில்லில் பூட்டிவிட்டான். மூன்றாவது அம்பை விட்டபோது நாண் ஒரு பக்கம் வழுகியது. வில்லின் மேற்கை முறுகிப் புரண்டு நுனியில் பிளந்தது. தெறித்த சிராய் அவனுடைய புருவத்தைக் கீறிக்கொண்டு போயிருந்தது. காயத்துக்கும் கண்ணுக்கும் இடையில் ஒரு விரலகலம்தான். அல்ஹம்துலில்லாஹ், அத்தோடு போயிற்று.

உம்மாவிடம் ஏச்சு வாங்கி முடிந்ததும் அவன் என்னிடம் கேட்டது இதுதான்: "பெரியம்மா, பழைய நாணை விட இது பலமானது. பாருங்க, தங்கூசி அறவே இல்ல. பிறகு ஏன் வில் உடைஞ்சது?"

நான் கணிதம் கற்பிப்பவள். வில்லைக் கையால் தொட்டதும் அன்றுதான். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. நல்ல கேள்விக்கு "தெரியாது மகன்" என்று சொல்லிவிட்டு நித்திரைக்குப் போக முடியாது. அன்றிலிருந்து தேடி வாசித்தவற்றை இங்கே எழுதுகிறேன். வில் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும், பிள்ளைக்கு வில் வாங்கிக் கொடுக்க நினைக்கும் பெற்றோருக்கும் இது பயன்படும். வில்லே வேண்டாம் என்பவர்களும் தமிழ்ச் சொல்லுக்காகவும் கணிதத்துக்காகவும் வாசிக்கலாம்.

முதலில் சொல். வில்லின் இரு நுனிகளையும் இணைக்கும் கயிற்றை நாண் என்கிறோம். பழந்தமிழில் ஞாண் என்றும் வரும். நாரி என்று இன்னொரு பெயரும் உண்டு. வில்லின் நுனியில் நாணை மாட்டுவதற்கு வெட்டியிருக்கும் பள்ளத்துக்குக் குதை என்று பெயர். வெட்கத்தைக் குறிக்கும் நாண் வேறு, இது வேறு; ஆனால் இரண்டையும் வைத்துச் சிலேடை பாடாத புலவர் யார்!

அரபியில் வில் கவ்ஸ், நாண் வதர். பத்தாம் பதினோராம் தர மாணவியர் இங்கே சற்று நிற்க வேண்டும். வட்டத்தின் பரிதியில் ஒரு பகுதியை நாம் வில் என்றும் அதன் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டை நாண் என்றும் படிக்கிறோம். அரபுக் கேத்திர கணிதத்திலும் அவை கவ்ஸ், வதர் என்ற அதே சொற்கள்தான். சமஸ்கிருதத்தில் நாணுக்கு ஜ்யா என்று பெயர். கி.பி. 499 இல் நூல் எழுதிய ஆரியபட்டர் அரை நாணின் நீளங்களை அட்டவணையாகத் தந்தார். ஜ்யா, ஜீவா என்ற சொல் அரபிக்குப் போய் 'ஜீப' ஆனது. உயிர்க்குறிகள் இல்லாத அரபு எழுத்தில் அதையே 'ஜைப்' என்றும் வாசிக்கலாம். ஜைப் என்றால் சட்டையின் மார்பு மடிப்பு, பை. 12 ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்கு மொழிபெயர்த்தவர்கள் அந்த மடிப்பையே எடுத்துக்கொண்டு 'சைனஸ்' என்றார்கள். திரிகோண கணிதத்தில் நீங்கள் எழுதும் சைன், வழி மாறி வந்த ஒரு வில்நாண்.

இனி நாணைக் கயிறாகப் பார்ப்போம். ஒவ்வொரு தேசமும் தனக்குக் கிடைத்த நாரில் நாண் திரித்திருக்கிறது. ஆங்கிலேயரின் நீள்வில்லுக்குச் சணலும் ஆளி நாரும். மொங்கோலியருக்குப் பதனிடாத தோல். துருக்கியருக்கும் கொரியருக்கும் பட்டு. இந்திய மரபில் மூர்வா என்ற செடியின் நாரால் செய்த நாணுக்கு மௌர்வி என்றே பெயர் வந்துவிட்டது. நம் நாட்டிலும் அத்தகைய செடி இருக்கிறது. தமிழில் மரல், மருள் என்கிறோம், சிங்களத்தில் நியந்த. ஆங்கிலத்தில் அதன் பெயரின் பொருள் 'இலங்கை வில்நாண் சணல்' என்பதாகும். அதன் ஆபிரிக்க உறவுச் செடியொன்றைப் பாம்புச் செடி என்று பூச்சட்டியில் நட்டு முன்வாசலில் வைத்திருக்கிறோம். அந்த நிமிர்ந்த இலையைக் கீறிப் பார்த்தால் உள்ளே வெள்ளை நார் தெரியும். உம்மாவின் செடியில் கை வைக்கிறவர்கள் அனுமதி கேட்டுவிட்டு வையுங்கள்.

மருமகனின் வில்லுக்கு மூதாதையான உதுமானிய வில்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாணின் வேலை என்னவென்று அதில்தான் தெளிவாகத் தெரிகிறது. நடுவில் மேப்பிள் மரம். எய்பவரை நோக்கிய பக்கத்தில் எருமைக் கொம்பு. எதிர்ப் பக்கத்தில் விலங்குகளின் தசைநாண். மூன்றையும் ஒட்டுவதற்கு விலங்கிலிருந்தும் மீனிலிருந்தும் எடுத்த பசை. கொம்பு நசுக்குதலைத் தாங்கும், தசைநாண் இழுத்தலைத் தாங்கும். ஒட்டிக் காயவிட்டு எடுப்பதற்கு ஒரு வருடமும் அதற்கு மேலும் செல்லும். நாண் பூட்டாத நிலையில் இந்த வில் எதிர்த்திசையில் வளைந்து, இரு நுனிகளும் ஒன்றையொன்று தொடப்போவது போல் சுருண்டு கிடக்கும். அதை மறுபக்கமாக வளைத்துத்தான் நாண் பூட்டுவார்கள். அதாவது வில் ஒவ்வொரு கணமும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது, நாண் விடாமல் பிடித்திருக்கிறது. அந்த நாண் நுனியின் நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகினாலும் போதும், வில் புரண்டுவிடும். மருமகனின் வில்லுக்கு நடந்தது இதுதான்.

துருக்கியர் இந்த ஆபத்தை நன்றாக அறிந்திருந்தார்கள். அவர்களுடைய நாண் ஒரே கயிறு அல்ல. நடுப்பகுதி பட்டு இழைகளின் கற்றை. இரு முனைகளிலும் குதையில் மாட்டும் கண்ணிகளைத் தனியாகச் செய்து அந்தக் கற்றையோடு முடிந்தார்கள். அதிகம் தேய்வது கண்ணி. ஆகவே அது கெட்டியாக இருக்க வேண்டும், தேய்ந்தால் அதை மட்டும் மாற்ற வேண்டும். பெருவிரலில் மோதிரம் போன்ற ஒன்றை அணிந்து நாணை இழுத்தார்கள். அதற்கு ஸிஹ்கீர் என்று பெயர். பாரசீகத்தில் ஸிஹ் என்றால் நாண், கீர் என்றால் பிடிப்பது. ஒரு ரோஜாவை முகர்ந்தபடி அமர்ந்திருக்கும் சுல்தான் இரண்டாம் முஹம்மதின் புகழ்பெற்ற ஓவியத்தில் அவருடைய பெருவிரலில் இருப்பது அதுதான்.

இஸ்தான்புல்லைக் கைப்பற்றிய பின் அவர் அம்பெய்தலுக்கென்று ஒதுக்கிய நிலம் ஒக்மெய்தானி, அதாவது அம்புத் திடல். அங்கே வில்லாளியாக அங்கீகாரம் பெறுவதற்கு அம்பு 900 கெஸ் தூரம் போக வேண்டும். ஒரு கெஸ் ஏறக்குறைய 66 செ.மீ., ஆகவே 594 மீற்றர். 16 ஆம் நூற்றாண்டில் தோஸ்கோபரான் இஸ்கந்தர் என்பவர் 800 மீற்றருக்கும் அப்பால் எய்ததாகப் பதிவிருக்கிறது. சுல்தான் இரண்டாம் மஹ்மூதும் இத்திடலில் எய்தவர். இந்தக் கலையை 2019 இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

நம் மார்க்கத்தில் அம்பெய்தலுக்கு உள்ள இடம் நீங்கள் அறிந்ததே. ஸூரா அன்பாலில் (8:60) வரும் பலம் என்ற சொல்லை நபி (ஸல்) அவர்கள் அம்பெய்தல் என்று மும்முறை விளக்கியதாக உக்பா இப்னு ஆமிர் (ரழி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. பின்வந்த முஸ்லிம் வில்லாளிகள் அக்கலையை நூல்களாகவே எழுதிவைத்தார்கள். 14 ஆம் நூற்றாண்டில் மம்லூக்கியர் ஆட்சியில் தைபுகா எழுதிய நூல் அவற்றுள் ஒன்று. வில்லுக்கும் அம்புக்கும் மட்டுமன்றி நாணுக்கும் இத்தகைய நூல்கள் இடம் ஒதுக்கியிருக்கின்றன.

சரி, மருமகனின் கேள்விக்கு வருவோம். பலமான நாண் ஏன் வில்லை உடைத்தது?

விடை கரும்பலகையிலேயே இருக்கிறது. துருக்கி வில்லின் வளைவு சிக்கலானது. அதனால் கணக்குக்கு ஆங்கிலேயரின் நேரான நீள்வில்லை எடுப்போம். நாண் பூட்டியதும் அது ஏறக்குறைய ஒரு வட்டவில் ஆகிறது. குதையிலிருந்து குதை வரை வில்லின் நீளம் 170 செ.மீ. என்றும், கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையிலான தூரம் 16 செ.மீ. என்றும் கொள்வோம். இந்தத் தூரத்தை நாணுயரம் என்று சொல்லிக்கொள்ளலாம். நாண் வில்லை விட எவ்வளவு குட்டையாக இருக்க வேண்டும்? நாணுயரத்தை வர்க்கித்து, எட்டால் பெருக்கி, வில்லின் நீளத்தின் மும்மடங்கால் வகுத்தால் அண்ணளவான விடை வரும். 16 இன் வர்க்கம் 256. எட்டால் பெருக்க 2048. அதை 510 ஆல் வகுக்க 4. ஆகவே நாண் 166 செ.மீ. இருக்க வேண்டும்.

இப்போது நாணுயரம் 18 செ.மீ. என்று போட்டுப் பாருங்கள். வித்தியாசம் 5 செ.மீ. ஆகிறது. அதாவது நாணை ஒரேயொரு சென்ரிமீற்றர் குறைத்தால் நாணுயரம் இரண்டு சென்ரிமீற்றர் ஏறிவிடுகிறது. மறுபக்கமும் இப்படியே. இழுபடக்கூடிய கயிற்றைப் பூட்டுகிறீர்கள், அது நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டும் நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 166 செ.மீ. நாண் 3.3 செ.மீ. நீளும். வில்லுக்கும் நாணுக்கும் வித்தியாசம் 0.7 செ.மீ. ஆகிவிடும். கணக்கைத் திருப்பிப் போட்டால் நாணுயரம் 7 செ.மீ. கூட இல்லை. 16 இல் இருந்தது 7 க்கும் கீழே வந்துவிட்டது, ஆனால் நாண் அறவே இல்லை! தளர்ந்த நாண் அம்பை விட்டதும் மணிக்கட்டில் அடிக்கும். நுனிகளை இறுக்கிப் பிடிக்காது. குதையிலிருந்து வழுகும். தங்கூசி நன்றாக இழுபடும். அதோடு மழமழப்பானது, முடிச்சும் மெல்ல மெல்லக் கழன்று கொடுக்கும். மருமகனின் தங்கூசி ஒரு மீனைத் தூக்குவதற்குப் போதிய பலம் உடையதுதான். வில்லை அதன் அளவில் நிறுத்திவைக்க அதற்குத் தெரியவில்லை.

காவியத்தில் நாணேற்றும்போது வில் முறிந்தால் அது வீரனின் பெருமை. வீட்டு முற்றத்தில் முறிந்தால் அநேகமாக நாணின் பிழை.

"அப்படியென்றால் கொஞ்சமும் இழுபடாத நாண்தான் நல்லதா?" என்று அவன் அடுத்துக் கேட்டான். அதுவும் இல்லை. கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும் பிள்ளை கையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறாள். விறைத்த கையால் பிடித்தால் விரல் உடையும். அம்பு நாணை விட்டுப் போகும் கணத்தில் வில்லின் இரு கைகளும் முன்னே பாய்ந்து நாண் நேராகிச் சட்டென்று நிற்கின்றன. அந்தக் கணத்தில் நாணில் ஏற்படும் இழுவை, நாம் கையால் இழுத்த விசையைப் போல் பல மடங்கு. நாண் சிறிது விட்டுக்கொடுத்தால் அதிர்ச்சியில் ஒரு பங்கை அதுவே வாங்கிக்கொள்ளும். கொஞ்சமும் விட்டுக்கொடுக்காவிட்டால் அது முழுவதும் குதையில் இறங்கும். கயிறு பள்ளத்தை அறுத்துக்கொண்டு போய் நுனியைப் பிளக்கும். அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடக்கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. அம்பு கொண்டுபோக வேண்டிய சக்தி முழுவதும் வில்லுக்கே திரும்பி வருகிறது. விளையாட்டுக்கு ஒரு தரம் இழுத்து விட்டுப் பார்க்கும் விருந்தாளிகளிடமிருந்து வில்லைக் காப்பாற்றுங்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் வில்லாளிகள் இன்று அதிகம் பயன்படுத்தும் இழை டேக்ரான் என்ற பொலியெஸ்டர் நூல். அளவாக இழுபடும், அதிர்ச்சியைத் தாங்கும், மழைக்கும் ஈரத்துக்கும் அசையாது. அதைவிடப் புதியது டைனீமா போன்ற பொலித்தீன் குடும்ப நூல். மிக மெல்லியது, மிகப் பலமானது, இழுபடுவதே இல்லை எனலாம். அம்பு வேகமாகப் போகும். ஆனால் அதற்கென்று நுனிகளைப் பலப்படுத்திச் செய்த வில்லுக்கு மட்டுமே அது உகந்தது. பழைய வில், மரத்தால் மட்டும் செய்த வில், நுனி பலப்படுத்தியதா இல்லையா என்று செய்தவரின் குறிப்பு இல்லாத வில், இவற்றுக்கெல்லாம் டேக்ரானோடு நின்றுவிடுவதே என் அபிப்பிராயம். நான்கைந்து மீற்றர் கூடுதலாகப் போகும் அம்புக்காக வில்லைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. பருத்தி நூல், பொதி கட்டும் நைலோன் கயிறு, தங்கூசி மூன்றும் ஒருபோதும் வேண்டாம். சணலும் ஆளி நாரும் பட்டும் அழகானவை. ஆனால் தேன்மெழுகு பூசிப் பராமரிக்கத் தெரிந்தவருக்கே உரியவை, முன்னறிவித்தல் இல்லாமலும் அறும். ஈரம் பட்டால் கெடும் நாண்களின் கதை வரலாற்றிலும் உண்டு. 1346 இல் பிரான்ஸில் நடந்த கிரெசிப் போரில் ஒரு தரப்பின் நாண்கள் மழையில் நனைந்து கெட்டன என்றும், ஆங்கில வில்லாளிகள் தங்கள் நாணைக் கழற்றித் தலைக்கவசத்துக்கடியில் வைத்துக் காப்பாற்றினார்கள் என்றும் அக்காலக் குறிப்பொன்று சொல்கிறது.

அடுத்தது எத்தனை இழை என்பது. வில்லின் கைப்பிடிக்கு அருகில் அல்லது கீழ்க்கையில் சிறிய எழுத்தில் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். ஒன்று அங்குலத்தில் வில்லின் நீளம், மற்றது இறாத்தலில் அதன் இழுவிசை. டேக்ரான் இழை ஒன்று ஏறக்குறைய 50 இறாத்தலில் அறும். 30 இறாத்தல் வரையான வில்லுக்கு எட்டு இழை போதும். 40 ஐ ஒட்டிய வில்லுக்குப் பன்னிரண்டு. 50 க்குப் பதினான்கு. அதற்கு மேல் பதினாறு. பன்னிரண்டு இழை 600 இறாத்தல் தாங்குமே, 40 இறாத்தல் வில்லுக்கு அவ்வளவு ஏன் என்று கேட்கலாம். அந்தச் சட்டென்று நிற்கும் கணத்துக்காகத்தான். நாணின் பலம் வில்லின் இழுவிசையைப் போல் நான்கு மடங்குக்குக் குறையக்கூடாது என்பது நார் நாண் திரித்தவர்களின் பழைய கணக்கு. தேய்மானத்தையும் நினைத்து அதற்கு மேலேயே வைத்துக்கொள்கிறார்கள்.

அப்படியென்றால் இருபது இழை போட்டால் இன்னும் நல்லதல்லவா? அல்ல. நாணின் நடுப்பகுதி அம்போடு சேர்ந்து முன்னே ஓடுகிறது, முனைகள் வில்லோடு நிற்கின்றன. கணித்துப் பார்த்தால் நாணின் திணிவில் மூன்றில் ஒரு பங்கு அம்பின் மேல் ஏற்றியதற்குச் சமம். 9 கிராம் நாண் என்றால் அம்புக்கு 3 கிராம் சுமை. நாண் தடிக்கத் தடிக்க அம்பு மெதுவாகும். தூரப் போட்டிக்கு எய்பவர்கள் இயன்றவரை மெல்லிய நாணைத் தேடுவது இதனால்தான். இன்னொன்றும் உண்டு. தடித்த நாண் அம்பின் அடிப்பிளவில் நுழையாது, நுழைந்தால் பிளவை விரித்து அம்பை வெடிக்க வைக்கும். மெல்லியதாக இருந்தால் அம்பு நாணிலிருந்து நழுவி விழும். விழுந்ததைக் கவனிக்காமல் விட்டால் அது வெறும் நாணை விட்டதற்குச் சமம். அம்பை நாணில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். தன்பாட்டில் தொங்க வேண்டும், நாணை விரலால் மெல்லத் தட்டினால் விழ வேண்டும். அந்த இடத்தில் நாணைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றியிருக்கும் காப்பு நூலைக் கூட்டியும் குறைத்தும் இதைச் சரிசெய்யலாம், இழைகளைத் தொட வேண்டியதில்லை.

நீளம்தான் பலரும் தவறும் இடம். பழைய நாண் கைவசம் இருந்தால் அதை வீசிவிடாதீர்கள். அதன் இரு கண்ணிகளையும் இரண்டு ஆணியில் மாட்டி இறுக்கமாக இழுத்து, கண்ணியின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தளர்த்திப் போட்டு அளந்தால் அளவு பிழைக்கும். பழைய நாண் இல்லாவிட்டால், நுனி முன்வளைந்த சாதாரண வில்லுக்கு எழுதியிருக்கும் நீளத்தில் 4 அங்குலம் குறைவு, நேரான நீள்வில்லுக்கு 3 அங்குலம் குறைவு என்று ஒரு வழக்கு உண்டு. துருக்கி, ஹங்கேரி, மொங்கோலிய வில்களுக்கு இந்த வழக்கை நம்பக்கூடாது. அவற்றின் நுனிப்பகுதி விறைப்பாக வேறொரு கோணத்தில் நிற்பதால், எந்த நீளத்தை வில்லின் நீளம் என்பது என்பதிலேயே ஆளுக்கொரு கணக்கு. செய்தவர் தந்த நாண் அளவே சரி. அதுவும் கிடைக்காவிட்டால், இழுபடாத வலிய கயிறொன்றில் ஒரு முனைக்குக் கண்ணியும் மறுமுனைக்கு நகர்த்தக்கூடிய முடிச்சும் போட்டு, பழக்கமுள்ள ஒரு பெரியவரின் உதவியோடு பூட்டிப் பார்த்து, நாணுயரம் சரியாக வந்ததும் அந்தக் கயிற்றை அளக்கலாம். அளப்பதற்கு மட்டுந்தான் அந்தக் கயிறு, எய்வதற்கல்ல.

நாணுயரம் எவ்வளவு என்று வில்லோடு வரும் தாளில் இருக்கும். இல்லாவிட்டால் ஆங்கில வில்லாளிகள் செய்தது போல், கைப்பிடியில் முட்டியை வைத்துப் பெருவிரலை நிமிர்த்திப் பாருங்கள். வளர்ந்த ஆணின் பெருவிரல் நுனி நாணைத் தொடும் அளவு ஏறக்குறையச் சரி. பதினொரு வயது மருமகன் தன் கையை வைத்து அளந்துவிட்டு எல்லாம் சரி என்றான். வாப்பாவின் கை வேண்டும் என்று சொன்னேன்.

சிறு வித்தியாசத்துக்காகப் புது நாண் வாங்க வேண்டியதில்லை. நாணில் இரண்டு வகை இருக்கிறது. ஒரே நூலை வளையமாகப் பல சுற்றுச் சுற்றிச் செய்வது ஒன்று. இரண்டு மூன்று புரிகளைக் கயிறு போல் முறுக்கி, முனையைத் திருப்பிப் பின்னிக் கண்ணி எடுப்பது மற்றது. முறுக்கு நாணில் ஒரு கண்ணியைக் கழற்றி இன்னும் சில சுற்று முறுக்கினால் நாண் குறுகும், பிரித்தால் நீளும். மேலே நாம் போட்ட கணக்கின்படி, சில மில்லிமீற்றர் குறுகினாலே நாணுயரம் கண்ணுக்குத் தெரிய ஏறும். ஆனால் முறுக்கி முறுக்கி நாண் தன்மேலேயே சுருண்டு முடிச்சு விழும் நிலைக்கு வந்தால், அது அந்த வில்லுக்கு நீளமான நாண். குட்டையான நாணை முறுக்கு முழுவதும் பிரித்து நீட்டப் பார்ப்பதும் ஆபத்து, கண்ணியின் பின்னல் உருவிக்கொண்டு வரும். நாணில் எங்கேயும் முடிச்சுப் போட்டு நீளத்தைக் குறைக்க வேண்டாம். முடிச்சு விழுந்த இடத்தில்தான் கயிறு பலவீனம்.

புது நாண் முதல் சில நாட்களில் சற்று நீளும். பூட்டி, இருபது முப்பது அம்பு எய்து, நாணுயரத்தை மறுபடி அளந்து, தேவைக்கு முறுக்கி, பிறகுதான் அதை நம்பலாம். பூட்டிய ஒவ்வொரு முறையும் வில்லைக் கண்மட்டத்தில் பிடித்து ஒரு நுனியிலிருந்து மறு நுனியைப் பாருங்கள். நாண் இரு கைகளின் நடுக்கோட்டிலும் படுத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் விலகியிருந்தால் இழுக்க வேண்டாம், கழற்றிக் கண்ணியைத் திருத்திப் பூட்டுங்கள். வாரத்துக்கொருமுறை நாணுக்கான மெழுகைத் தடவி விரலால் தேய்த்தால் இழைகள் பிரியாமல் இருக்கும். பஞ்சு எழும்பினால் மெழுகு போதும். ஓர் இழை அறுந்தால் மெழுகு போதாது, நாணை வெட்டிக் குப்பையில் போட வேண்டும். வெட்டாமல் போட்டால் யாராவது எடுத்து மீண்டும் பூட்டுவார்கள். எங்கள் வீட்டில் யார் என்று சொல்லத் தேவையில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வில் வாங்கும்போதே அதே அளவில் இன்னொரு நாணும் வாங்கிவிடுங்கள். வில்லின் விலையோடு பார்த்தால் அது சிறு காசு. பிள்ளைகள் தங்கூசியைத் தேடிப்போவது வீட்டில் மாற்று நாண் இல்லாத நாளில்தான். தூரத்து நாட்டிலிருந்து நாண் வந்துசேர வாரக்கணக்காகும், பிள்ளையின் பொறுமை ஒரு பின்னேரம்கூடத் தாங்காது.

பிளந்த வில்லை ஒட்டித் தர முடியுமா என்று மருமகன் கேட்டுக்கொண்டே இருந்தான். நுனியில் பிளந்ததை ஒட்டினாலும் திரும்ப எய்யக்கூடாது என்று சொல்லி, சுவரில் மாட்டச் சொன்னேன். கடந்த மாதம் அவனுடைய வாப்பா வேறொரு வில் அனுப்பினார், இந்த முறை இரண்டு நாண்களோடு. பெட்டியைத் திறந்ததும் அவன் வில்லைத் தொடவில்லை. இரண்டு நாணையும் ஆணியில் மாட்டி இழுத்து அளந்தான், இழைகளை எண்ணினான், பன்னிரண்டு. ஒரு துண்டு அட்டையில் நீளம், இழை, நாணுயரம், பூட்டிய திகதி என்று நான்கு வரி எழுதி வில்லின் உறைக்குள் வைத்தான். அளப்பதற்கு வாங்கிக்கொண்டு போன என் தையல் நாடா இன்னும் திரும்பி வரவில்லை.